தாமஸ் ஜெபர்சனின் நற்செய்தித் தொகுப்பு: நீக்கியவையும் எஞ்சியவையும்

அமெரிக்கக் குடியரசை நிறுவியவர்களைப் பற்றுமிக்க கிறித்தவர்கள் என்பர் ஒரு சாரார். சமய மறுப்பாளர்கள் என்பர் மறுசாரார். தாமஸ் ஜெபர்சன் 1820ஆம் ஆண்டளவில் முடித்த நற்செய்தித் தொகுப்பை இரு சாராருமே சான்றாகக் காட்டுவதுண்டு.

கிரேக்கம், இலத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிப் பதிப்புகளிலிருந்து வேண்டிய பகுதிகளை வெட்டியெடுத்து, பத்தி பத்தியாக ஒட்டி அவர் அதனை உருவாக்கினார். கன்னிப் பிறப்பு இல்லை, உயிர்த்தெழுதல் இல்லை. கல்லறை வாயிலில் கல் உருட்டி வைக்கப்படுவதோடு நூல் முடிகிறது. இதனைக் கொண்டு, இயற்கை இகந்த அனைத்தையும் அவர் களைந்தார் என்பது வழக்கமாகிவிட்டது. நூலுக்கு இக்கூற்று முற்றும் பொருந்தவில்லை. மத்தேயு 25ஆம் அதிகாரத்தின் தீர்ப்புக் காட்சி, வானதூதர் புடைசூழ அரியணையில் அமரும் மானிட மகனோடு இடம்பெற்றுள்ளது. இடையர்களுக்குத் தோன்றிய வானதூதரை நீக்கியவர் இவர்களை ஏன் விட்டுவைத்தார்? பசித்தோர்க்கு உணவளித்தமையே அத்தீர்ப்பின் அளவுகோல். மறுமைக் கோட்பாடு அறவொழுக்கத்துக்கு ஊக்கம் தரும் என்று 1803இலேயே அவர் எழுதியிருந்தார். ஆகவே பகுத்தறிவு மட்டுமே அவரது கத்தியைச் செலுத்தியது எனல் குறைக்கூற்றாகும்.

வெட்டிய தடம் மறையாத இடங்களும் உள. யோவான் 9இல், ஒருவர் பிறவியிலேயே பார்வையற்றிருப்பது எவர் செய்த பாவத்தால் என்னும் வினா உள்ளது; கடவுளின் செயல் அவரிடம் வெளிப்படவே என்னும் விடையும் உள்ளது. அச்செயல் மட்டும் இல்லை. விடை அந்தரத்தில் நிற்கிறது.

அதே 1820இல் கல்கத்தாவில் இராம்மோகன் ராய் இயேசுவின் அறவுரைகளை அற்புதங்கள் நீக்கித் தொகுத்தார். ஒருவர் பணியை மற்றவர் பின்பற்றியதாகக் கொள்ள இடமில்லை, வேறுபாடே கருதத்தக்கது. ராய் அச்சிட்டார், செராம்பூர் மிஷனரி ஜோசுவா மார்ஷ்மனின் கண்டனத்துக்குத் தொடர்ந்து மறுப்பும் எழுதினார். ஜெபர்சனின் நூலையோ நெருங்கியோர் சிலரே அறிந்திருந்தனர். 1800ஆம் ஆண்டுத் தேர்தலில் நாத்திகர் என்று தூற்றப்பட்டவரின் அச்சம் இதில் ஓரளவு இருக்கலாம். ஆனால் 1786இல் நிறைவேறிய வர்ஜீனியா சமய உரிமைச் சட்டத்தை வரைந்தவரும் அவரே. ஒருவரின் நம்பிக்கை பிறர் கணக்குக் கேட்கும் பொருளன்று என்பது அவரது கொள்கை. அந்நூலை 1895இல் அரசு நிறுவனமான ஸ்மித்சோனியன் வாங்கியது. 1904இல் காங்கிரசுக்காக அரசே அச்சிட்டது. அதனைச் சான்றாக நிறுத்தும் இரு சாராரும், அது வெளியீட்டுக்கென எழுந்த நூலன்று என்பதைக் கருத்திற்கொள்வது அரிதாகவே உள்ளது.