முன்பலகை யாருக்குச் சொந்தம்?

குதிரை வண்டிகளின் காலத்தில் மேல்நாடுகளில் வண்டிக்காரனுக்கு முன்னால் ஒரு பலகை வைப்பார்கள். குதிரையின் குளம்பு வாரியடிக்கிற சேறு அவன்மேல் தெறிக்காமல் இருப்பதற்காக. வேறு எந்தப் பெருமையும் அந்தப் பலகைக்குக் கிடையாது. குதிரை போய் எஞ்சின் வந்த பிறகும் 'டாஷ்போர்டு' என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. சேற்றைத் தடுத்த பலகையில் வேகம் காட்டும் முள் வந்தது, பெட்ரோல் அளவு காட்டும் முள் வந்தது, ரேடியோ வந்தது. இன்று அதே இடத்தில் ஒரு கண்ணாடித் திரை உட்கார்ந்திருக்கிறது. அந்தத் திரையில் யாருடைய முகம் தெரிய வேண்டும் என்பதற்காக உலகத்தின் மிகப் பெரிய கம்பெனிகள் பத்து வருஷங்களுக்கு மேலாக மல்லுக்கட்டிக் கொண்டிருக்கின்றன.

இது வியாபாரிகளின் சண்டை. கதை படிக்கிற நமக்கு இதில் என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் காசு கொடுத்து ஒரு பொருளை வாங்கியவனுக்கு அந்தப் பொருளின்மேல் எவ்வளவு உரிமை உண்டு என்ற விஷயம் இதற்குள் இருக்கிறது. இன்று காரில் எழுந்த கேள்வி நாளைக்கு நம் கூடத்திலும் சமையலறையிலும் எழும். ஆகவே சற்று நிதானமாகப் பார்ப்பதில் தவறில்லை.

2014 மார்ச்சில் ஜெனீவா மோட்டார் கண்காட்சியில் ஆப்பிள் கம்பெனி கார்ப்ளே என்ற ஏற்பாட்டைக் காட்டியது. அதே வருஷம் ஜூனில் கூகிள், ஆண்ட்ராய்ட் ஆட்டோ என்று தன்னுடையதை அறிவித்தது. இரண்டின் தத்துவமும் ஒன்றுதான். கையிலிருக்கும் போனைக் காருடன் இணைத்துவிட்டால், யோசிக்கிற வேலை முழுவதும் போனுக்குள் நடக்கும். காரின் திரை வெறும் நிலைக்கண்ணாடி. வழி காட்டும் படம், பாட்டு, வந்த கடிதத்தை வாய்விட்டுப் படிப்பது எல்லாம் போன் செய்கிற காரியம். திரையில் விரல் வைத்தால் அந்தச் செய்தி போனுக்குத் திரும்பிப் போகிறது. பிரேக்கையோ ஸ்டியரிங்கையோ அது தொடுவதில்லை.

இதை ஜனங்கள் ஆவலோடு ஏற்றுக்கொண்டதற்குக் காரணம், கார் கம்பெனிகள் தாங்களே செய்து வைத்திருந்த திரைகள்தாம். அவற்றில் பல படுமோசம். ஃபோர்டு கம்பெனி 2007இல் மைக்ரோஸாஃப்டைத் துணைக்கு வைத்துக்கொண்டு இந்தத் துறையில் இறங்கியது. 2010இல் வந்த அதன் தொடுதிரை ஏற்பாட்டைப்பற்றி வாங்கினவர்களிடமிருந்து புகார்மேல் புகார். 2014 டிசம்பரில் மைக்ரோஸாஃப்டை விட்டு பிளாக்பெர்ரியின் மென்பொருளுக்கு மாறப்போவதாக அறிவித்தது. இதில் ஃபோர்டை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு காரைத் திட்டமிட்டு விற்பனைக்குக் கொண்டுவர நாலைந்து வருஷமாகிறது. போனோ வருஷத்துக்கு ஒரு தரம் புதிதாக வருகிறது. கார் கடைக்கு வரும் நாளிலேயே அதற்குள்ளிருக்கும் மூளைக்கு நரை விழுந்திருக்கும்.

ஆனாலும் கார்க்காரர்கள் மனமுவந்து கதவைத் திறக்கவில்லை. டொயோட்டா கம்பெனி, ஃபோர்டுடன் சேர்ந்து 2017 ஜனவரியில் மாற்று ஏற்பாட்டுக்காக ஒரு கூட்டணியே அமைத்தது. பிறகு 2018இல் கார்ப்ளேக்கும் 2019இல் ஆண்ட்ராய்ட் ஆட்டோவுக்கும் சம்மதித்தது. ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. அமெரிக்காவில் கார்ப்ளேக்கு வருஷம் 80 டாலர் வசூலித்துப் பார்த்தது. போன் வாங்கியவனுடையது, அதற்குள்ளிருக்கும் ஏற்பாடு ஆப்பிளுடையது, நடுவில் இவர்களுக்கு எதற்குக் கப்பம் என்று எல்லோரும் கேட்கவே, 2019 டிசம்பரில் அதைக் கைவிட்டது. டெஸ்லாவும் ரிவியனும் பல வருஷங்கள் இரண்டுக்கும் இடம் கொடுக்காமலே கார் விற்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், இனி வரும் தன் மின்சாரக் கார்களில் இரண்டுமே கிடையாது என்று 2023 மார்ச்சில் அறிவித்தது. வருங்காலத்துப் பெட்ரோல் கார்களிலிருந்தும் நாளடைவில் அவை போய்விடும் என்று அதன் தலைவர் மேரி பாரா 2025 அக்டோபரில் சொன்னார்.

இந்தத் தயக்கத்தை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிடுவதற்கில்லை. இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான் என்பது நம்முடைய பழமொழி. அது அமெரிக்காவிலும் செல்லும் போலிருக்கிறது. முதலில் ஒரு திரையில் ஒரு மூலை கேட்ட ஆப்பிள், 2022 ஜூனில் வேகம் காட்டும் முள் உட்பட அத்தனை திரைகளையும் தன் கையெழுத்தில் எழுதிக் காட்டியது. அமெரிக்காவில் கார் வாங்குகிறவர்களில் நூற்றுக்கு 79 பேர் கார்ப்ளே இல்லாத காரை யோசிக்கவே மாட்டார்கள் என்று அன்று அது சொன்ன கணக்கில் ஓர் அதட்டலும் ஒலித்தது. 2025 மே மாதத்தில் ஆஸ்டன் மார்ட்டின் கார்களில் அந்தப் புது ஏற்பாடு வந்தது. மெர்சிடிஸ் போன்றவர்கள் ஒதுங்கி நின்றார்கள்.

அவர்களுடைய பயத்துக்கு ஒரு முன்கதையும் உண்டு. 1981இல் ஐ.பி.எம். தன் சிறு கம்ப்யூட்டரை வெளியிட்டபோது அதை இயக்கும் மென்பொருளை மைக்ரோஸாஃப்டிடம் வாங்கிக்கொண்டது. பெட்டி நம்முடையது, உள்ளே ஓடுவது யாருடையதாக இருந்தால் என்ன என்ற நினைப்பு. நாளடைவில் பெட்டி செய்கிறவர்கள் ஊருக்கு ஒருவர் முளைத்தார்கள். உள்ளே ஓடுவது மட்டும் ஒருவரிடமே இருந்தது. 2005இல் ஐ.பி.எம். அந்தப் பெட்டி வியாபாரத்தையே சீனத்து லெனோவோவுக்கு விற்றுவிட்டது. நாமும் நாளைக்குச் சக்கரம் வைத்த பெட்டி செய்கிறவர்களாக மட்டும் மிஞ்சுவோமோ என்று டெட்ராய்ட்டில் ஒருவர் தூக்கமில்லாமல் புரண்டால் அவரைப் பரிகசிக்க எனக்கு மனம் வராது.

நாவல் எழுதுகிறவர்களுக்கு இந்தச் சங்கடம் நன்றாகத் தெரியும். ஒரு கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போகட்டும் என்று மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பாத்திரத்தை உள்ளே விடுகிறோம். அவன் போவதில்லை. வாசகர்கள் அவனைத்தான் கேட்கிறார்கள். கதாநாயகன் பேசும் பக்கங்களை வேகமாகப் புரட்டிவிட்டு அவன் வரும் இடத்தில் நிற்கிறார்கள். சாமானிய எழுத்தாளன் என்ன செய்வான்? பொறாமை தாங்காமல் அவனை ரயில் விபத்தில் கொன்றுவிடுவான். நல்ல எழுத்தாளன், தன் கதாநாயகனிடம் என்ன குறை என்று யோசிப்பான். ஜெனரல் மோட்டார்ஸ் முதல் வழியில் போயிருக்கிறது என்பதே என் அபிப்பிராயம்.

அதற்கு அவர்கள் சொல்லும் காரணங்களைப் பார்ப்போம். மின்சாரக் காரில் வழி காட்டுவதும் மின்கலத்தில் மிச்சமிருப்பதைக் கணக்கிடுவதும் ஒருங்கே நடக்க வேண்டும். வண்டியின் உள்விஷயம் வண்டிக்குத்தான் தெரியும் என்கிறார்கள். இது சரியான வாதம். எந்த ஊரில் மின்சாரம் ஏற்றுவது, அங்கே போய்ச் சேருமுன் மின்கலத்தைத் தக்க சூட்டுக்குக் கொண்டுவருவது என்பதெல்லாம் காரின் சொந்த மூளை அறிந்து செய்யக்கூடியவை. இத்தோடு நிறுத்தியிருந்தால் மதிப்பாக இருந்திருக்கும். ஆனால் 2023 டிசம்பரில் பாதுகாப்பு என்ற பேச்சும் அவர்கள் தரப்பிலிருந்து கிளம்பியது. போன் இணைப்பு அறுந்து போனால் ஓட்டுகிறவர் போனைக் கையில் எடுத்துவிடுகிறாராம், அதனால் ஆபத்தாம்.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். 2030க்குள் மென்பொருளிலிருந்தும் மாதச் சந்தாக்களிலிருந்தும் வருஷத்துக்கு 2,000 கோடி முதல் 2,500 கோடி டாலர் வரை சம்பாதிப்பது தங்கள் லட்சியம் என்று 2021 அக்டோபரில் பங்குதாரர்களிடம் சொன்னதும் இதே கம்பெனிதான். வாடிக்கைக்காரர் தன் போனிலேயே பாட்டும் வழியும் பெற்றுக்கொண்டால் அந்தச் சந்தாவை யார் கட்டுவார்கள்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாடிக்கைக்காரர்கள் எங்கே போகிறார்கள், எப்படி பிரேக் போடுகிறார்கள், எவ்வளவு வேகம் என்ற விவரங்களை அவர்களுடைய முறையான சம்மதமின்றிச் சேகரித்து விற்றதாக, அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் ஜெனரல் மோட்டார்ஸ்மேல் குற்றம் சாட்டியது. மூன்று விநாடிக்கு ஒரு தரம்கூட இருப்பிடம் குறிக்கப்பட்டதாம். அந்த விவரங்கள் தரகர்கள் வழியாக இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகளின் பார்வைக்குப் போயின. இத்தகைய தரகர்களுக்கு ஐந்து வருஷம் விவரம் கொடுக்கக்கூடாது என்று தடை வந்தது. முன்பலகையைத் தன் கையில் வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுடைய பாதுகாப்புக் கவலையை இந்தச் செய்தியோடு சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது.

சரி, கூகிளை வாசலோடு அனுப்பிவிட்டு அவர்கள் கட்டிய சொந்த வீடு எப்படிப்பட்டது? அதுவும் கூகிள் போட்ட அஸ்திவாரத்தின்மேல் கட்டியதுதான். விருந்தாளியாக வந்தவரை வெளியேற்றி, அவரையே மேஸ்திரியாக அமர்த்திக்கொண்டார்கள். கணக்குப் புத்தகம் மட்டும் வீட்டுக்காரர் மேஜைக்கு வந்துவிட்டது. இந்தப் புதிய ஏற்பாட்டோடு முதலில் வந்த பிளேஸர் மின்சாரக் காரின் விற்பனையை மென்பொருள் கோளாறுகளுக்காக 2023 டிசம்பரில் நிறுத்தி வைத்து, 2024 மார்ச்சில்தான் மறுபடி தொடங்கினார்கள்.

கோளாறுகளைத் திருத்திவிடலாம். வயதைத் திருத்துவதுதான் கஷ்டம். அமெரிக்கச் சாலைகளில் ஓடும் வண்டிகளின் சராசரி வயது 2024 கணக்குப்படி 12.6 வருஷம். சராசரியே அது என்றால், இருபது வருஷம் ஓடுகிற வண்டிகள் எத்தனை இருக்கும்! அந்நாட்டில் பழைய மூன்றாம் தலைமுறைத் தொலைபேசி அலைவரிசையை 2022இல் மூடியபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ கார்களில் அவசர உதவி முதலான வசதிகள் ஒரே நாளில் ஊமையாகிவிட்டன. காரோடு பிறந்த மூளை காரோடு கிழடாகும். போனின் மூளையோ, போனை மாற்றும்போது தானும் புதிதாகிவிடும். பழைய கார் வாங்கி ஓட்டும் நடுத்தரக் குடும்பத்துக்குக் கார்ப்ளேயும் ஆண்ட்ராய்ட் ஆட்டோவும் செய்திருக்கும் பெரிய உபகாரம் இதுதான். கெட்டிக்காரத்தனத்தை இவர்கள் காரிலிருந்து கழற்றி மனிதன் சட்டைப்பையில் போட்டார்கள்.

இதனால் போன் கம்பெனிகளைப் பரோபகாரிகள் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். இரண்டே பேர் உலகத்துப் போன்கள் ஏறக்குறைய முழுவதையும் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். தங்கள் அங்காடியில் விற்பதற்கு நூற்றுக்கு 30 வரை தரகு வாங்கிப் பழகியவர்கள். காரின் எல்லாத் திரைகளும் கைக்கு வந்த பிறகு அவர்கள் கை நீளாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? பாதுகாப்பு விஷயத்திலும் அவர்கள் யோக்கியதை இப்படித்தான். பிரிட்டனில் 2020இல் வெளியான ஒரு பரிசோதனையில், திரையைத் தொட்டுக் கார்ப்ளேயை இயக்கியபோது, எதிர்ப்படுவதைக் கண்டு சுதாரிக்க நூற்றுக்கு 57 பங்கு கூடுதல் நேரம் பிடித்தது. ஆண்ட்ராய்ட் ஆட்டோவுக்கு 53 பங்கு. சட்டம் அனுமதிக்கும் எல்லை வரை மது அருந்தியவருக்குக்கூட 12 பங்குதான். தொடுதிரை யாருடையதானாலும் கண்ணைச் சாலையிலிருந்து பறிக்கிறது. ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் வழங்கும் சபை, 2026 முதல் ஹாரன், துடைப்பான், திரும்பும் விளக்கு போன்ற ஐந்து காரியங்களுக்குத் தனி விசை வைக்காத கார்களுக்கு முழு மதிப்பெண் கிடையாது என்று விதி செய்தது. பாதுகாப்பு என்று உண்மையாகவே கவலைப்பட்டவர்கள் பொத்தானைத்தான் கேட்டார்கள். திரைக்கு யார் எஜமான் என்று கேட்கவில்லை.

இவ்வளவு வழக்கிலும் நடுவில் ஓர் ஆள் இல்லாமலே இருக்கிறார்: காரை வாங்கியவர். கார் கம்பெனி, இவர் என் வாடிக்கைக்காரர் என்கிறது. போன் கம்பெனி, இல்லை, என் வாடிக்கைக்காரர் என்கிறது. கார் அவருடையது என்று சொல்வாரைக் காணோம்.

முன்பு அப்படி இருக்கவில்லை. கார் ரேடியோவுக்கென்று ஜெர்மானியர்கள் ஓர் அளவு வகுத்தார்கள். 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். பிறகு அது சர்வதேச அளவாயிற்று. வெவ்வேறு தேசத்துக் கார்களில் முன்பலகையில் அந்த நீள்சதுர ஓட்டை இருந்தது. கார் கம்பெனி கொடுத்த ரேடியோ பிடிக்கவில்லையென்றால் அதைக் கழற்றிவிட்டு, கடைத்தெருவில் தமக்குப் பிடித்ததை வாங்கி அதே ஓட்டையில் பொருத்திக்கொள்ளலாம். யார் அனுமதியும் வேண்டியதில்லை. யாருக்கும் சந்தா இல்லை. கார் செய்தவர்கள் காரைச் செய்துவிட்டு, வாங்குகிறவருக்கென்று ஒரு சாண் இடத்தைக் காலியாக விட்டு வைத்தார்கள். அந்த வெற்றிடத்தில் ஒரு மரியாதை இருந்தது.

திரையும் வெப்பமூட்டியும் பூட்டும் ஒன்றாக வார்க்கப்பட்டுவிட்ட இந்தக் காலத்தில் பழைய ஓட்டையைத் திரும்பக் கேட்பது நடவாத காரியம். ஆனால் அதன் நியாயத்தைக் கேட்கலாம். காரின் காரியத்தைக் கார் பார்க்கட்டும். வேகமும் மின்கலமும் பிரேக்கும் அதன் பொறுப்பு. விளக்குக்கும் துடைப்பானுக்கும் விசை இருக்கட்டும். மிச்சமுள்ள திரையில், உள்ளே வருவது ஆப்பிளா, கூகிளா, நாளைக்கு வரப்போகும் மூன்றாமவரா, அல்லது கம்பெனியின் சொந்த ஏற்பாடேயா என்பதை ஓட்டுகிறவர் தீர்மானிக்கட்டும். கார்க்காரர்களின் ஏற்பாடு உண்மையிலேயே மேலானது என்றால், பக்கத்திலேயே போட்டிக்கு ஆள் இருக்கும்போதுதான் அது தெரியவரும். போட்டியாளரை வெளியேற்றிவிட்டுப் பந்தயத்தில் முதலாவதாக வருவது ஒரு வெற்றியா?

பணம் கொடுத்தவர் பக்கத்தில் ஒரு சாண் இடம் விட்டுவைக்கத் தெரிந்தவர் எவரோ, அவர் செய்த காரைத்தான் நான் நல்ல கார் என்று சொல்வேன்.