பற்றும் பக்தியும்: பெரியபுராணப் பிரசங்க மரபுகள்

மலர்க்குழுவினரின் அன்புக் கட்டளையைத் தட்ட முடியவில்லை. சபையின் பெரியவர்கள் இருக்க, மரபைப் பற்றி நான் எழுதுவது மிகைதான், பொறுத்தருள வேண்டும்.

பெற்றோர் மேலும் துணைமேலும் வைக்கும் பற்று சிவநெறிக்குத் தடையா, படியா? பெரியபுராணம் சொல்லும் எந்த மரபையும் இந்தக் கேள்வியில் உரைத்துப் பார்த்துவிடலாம். 1852இல் பெரியபுராண வசனம் வெளியிட்ட நாவலர் பெருமான் வழியில் வந்தவர்கள் சண்டேசர் தந்தையின் தாளை வெட்டியதற்குச் சமாதானம் தேடமாட்டார்கள். ஒருவர் பாட்டு வாசிக்க, மற்றவர் பயன் சொல்ல, புராணபடனம் கண்டிப்போடு நடக்கும். வாரியார் சுவாமிகள் வழியில் இசையும் நகையும் உண்டு. ஆனால் நகை முடிகிற இடத்தில் திருப்புகழ் வந்து நிற்கும். கோவைச் சிவக்கவிமணியின் உரையைத் துணைக்கொண்டவர்கள் பாட்டை விட்டு ஓரடி நகரமாட்டார்கள். மூன்றும் நமக்கு வணக்கத்திற்குரியவை.

எங்களுக்குப் பெரியபுராணம் சொல்லும் எங்கள் ஐயாவின் வழி சற்று வேறு. பற்றை அறுத்தவர்களைவிட அதைத் திருப்பி வைத்தவர்களிடம் அவர் அதிக நேரம் நிற்பார். திருநாவுக்கரசர் புராணத்தில் ஒரு மாலை முழுவதும் திலகவதியாருக்கே போய்விடும். தந்தை போனார், தாயும் உடன் போனார், மணம் பேசிய கலிப்பகையாரும் போர்க்களத்தில் மாண்டார். உயிரை விடத் துணிந்தவரைத் தடுத்தது தம்பியின் அழுகை ஒன்றுதான். அந்தப் பற்று அன்று அறுந்திருந்தால், பின்னாளில் சூலை நோயோடு வந்தவருக்குத் திருவதிகையில் நீறு கொடுக்க யார் இருந்திருப்பார்கள் என்று கேட்பார் ஐயா. சண்டேசரிடமும் அவர் வெட்டோடு நிறுத்தமாட்டார். இறைவனே தந்தையாகி ஏற்றுக்கொண்டதுவரை போவார். கணவனுக்காகச் சுமந்த வடிவத்தை உதறிய காரைக்கால் பேயாரை, தாயில்லாத பெருமான் அம்மை என்று அழைத்ததைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும்.

இன்றைய மேடைகளைப் பற்றிச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. நல்ல குரலும் நினைவாற்றலும் உள்ள இளைஞர்கள் வருகிறார்கள்; யாரையும் மனத்தில் வைத்து இதை எழுதவில்லை. ஆனாலும் திருநீலகண்டர் புராணம் இன்று என்ன பாடுபடுகிறது! ஒரே வீட்டில் ஒருவரையொருவர் தீண்டாமல், அயலறியாமல், முதுமைவரை வாழ்ந்த தம்பதியரின் ஆணை அது. அது மனைவிக்குப் பயந்த கணவன் கதையாகிவிட்டது. கைதட்டல் வருகிறது, பொன்னாடை வருகிறது, பாட்டு மட்டும் வருவதில்லை. வந்தாலும் கைபேசியைப் பார்த்து, சீர் பிரிக்கத் தெரியாமல் வருகிறது. ஓதுவார் அமர்ந்த இடத்தில் கீபோர்டு அமர்ந்திருக்கிறது. முக்கால் மணியில் மூன்று நாயன்மார்! இயற்பகையார் மனைவியைக் கொடுத்த இடத்தில் நகைச்சுவைத் துணுக்கு! குங்கிலியக்கலயர் மனைவியின் தாலியைக்கூட இன்னும் என்ன செய்யப் போகிறார்களோ! சொந்த வீட்டின் உறவுகளையே கேலியாக்கிக் கேட்டுப் பழகிய பிள்ளை, இறைவனை அம்மையென்றும் அப்பனென்றும் பாடும் தேவாரத்தை எந்த நெஞ்சால் உணரும்? சைவம் தளர்வதற்குப் புறச்சமயத்தைக் காரணம் சொல்லுகிறோம். நம் ஒலிபெருக்கியே போதும்.

நிர்வாகத்தினருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த தொடருக்கு அன்பர்களை அழைக்கும்போது, ஒரு மாலைக்கு ஒரு புராணம், மேடையில் ஓதுவார், கையில் நூல் என்ற மூன்றையும் அழைப்புக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். வர மறுப்பவர் வராமலிருப்பதால் சபைக்கு நட்டமில்லை.