தூரத்துக் கணிப்பொறியின் நாட்குறிப்பு: ஓர் ஆணை பற்றிய விமர்சனம்

கணிப்பொறி தான் செய்யும் காரியங்களை வரிசையாக எழுதி வைக்கும் ஏட்டுக்கு 'லாக்' என்று பெயர். யார் உள்ளே வந்தார், எந்தக் கோப்பைத் திறந்தார், எந்த நிரல் எப்போது நின்றது என்பதெல்லாம் அதில் பதிவாகும். இந்த ஏடு குறித்து மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று ஓர் ஆணை பிறப்பித்தது. ஏடுகளை 180 நாள்கள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு பொருத்த வேண்டும். 6 மணி நேர விதியைப் பற்றி அப்போது சர்ச்சை எழுந்தது. ஆனால் ஆணையின் மிகச் சிறந்த பகுதி கடிகார விதியே என்பது என் கருத்து.

காரணம் இதுதான். சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரம் பத்து லட்சத்துக்கு 20 பங்கு பிழைபட்டால், நாளொன்றுக்கு 1.7 வினாடி, மாதத்தில் ஏறக்குறைய 52 வினாடி தவறும். விருதுநகர் மாவட்டம் இ.குமாரலிங்கபுரம் 2023 மார்ச்சில் ஜவுளிப் பூங்காவுக்குத் தேர்வான ஊர். அங்கே ஒரு நூற்பாலை ஓடுவதாகவும், அதன் கணிப்பொறிகளின் ஏடு மதுரை அலுவலகத்துக்கு வந்து சேர்வதாகவும் வைத்துக்கொள்வோம். ஆலைக் கடிகாரம் ஒரு நிமிடம் பின்தங்கினால், மதுரையிலிருந்து கட்டளை கிளம்பும் முன்பே அது ஆலையில் நிறைவேறிவிட்டதாக ஏடு காட்டும்! பிறகு பழி யார்மேல் விழும்? அந்த நேரத்தில் வேலையிலிருந்த தொழிலாளிமேல்தான்.

இவ்வளவு கூர்மையாக நேரத்தைக் கவனித்த ஆணை, ஏடு எந்த வழியாகப் பயணம் செய்ய வேண்டும் என்பதைப் பற்றி வாய் திறக்கவில்லை. இதுவே பெரிய குறை. எரிக் ஆல்மன் 1980-களில் உருவாக்கிய 'சிஸ்லாக்' முறை இன்றும் பரவலாகப் புழங்குகிறது. 2001-இல் ஆவணமான அதன் பழைய வடிவில் தேதி உண்டு, ஆண்டு கிடையாது. எந்த நாட்டு நேரம் என்பதும் கிடையாது. செய்தி போகும் யு.டி.பி. வழியோ சாதாரணத் தபால் போன்றது. சேர்ந்ததா என்று பதில் வராது. வலைப்பின்னலில் நெரிசல் மிகும்போது, அதாவது ஏடு மிகவும் தேவைப்படும் வேளையில்தான், கடிதங்கள் தொலையும். 2009-இல் வந்த புதிய வடிவம் ஆண்டையும் நேர மண்டலத்தையும் சேர்த்தது. அதே ஆண்டில் மறையாக்கம் செய்து அனுப்பும் வழியும் வகுக்கப்பட்டது.

ஏட்டை வேறோர் இயந்திரத்தில் சேர்க்க வேண்டும் என்றும் ஆணை வற்புறுத்தவில்லை. சிறு நிறுவனம் என்ன செய்யும்? அதே வட்டில் 180 நாள் ஏட்டையும் போட்டு வைக்கும். உள்ளே புகுந்தவன் முதலில் அழிப்பது அதைத்தான். திருடன் கையில் சாவியைக் கொடுத்த கதை!

செலவைச் சாக்காகச் சொல்ல முடியாது. 2004-இல் ரெய்னர் கெர்ஹார்ட்ஸ் தொடங்கிய 'ஆர்சிஸ்லாக்' இலவச மென்பொருள். உரியபடி அமைத்துவிட்டால், இணைப்பு அறுந்த நேரத்துச் செய்திகளை வட்டில் சேர்த்து வைத்து, இணைப்பு மீண்டதும் அனுப்பிவிடும். வாங்கிப் பெறும் இயந்திரமாக ஆலை மூலையில் கிடக்கும் பழைய கணிப்பொறி ஒன்றே போதும்.