பேகன் பெற்ற புகழும் புலவர் வேண்டிய பரிசிலும்

புறநானூற்றுள் 143 முதல் 147 வரையுள்ள ஐந்து பாடல்களும் வையாவிக் கோப்பெரும் பேகனை நோக்கியவை. அவனால் துறக்கப்பட்ட மனைவி கண்ணகி காரணமாகக் கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வர் இவற்றைப் பாடினர் என்பது பாடல்களின் இறுதிக் குறிப்புகளால் அறியப்படும். பரணர் பாடியன இரண்டு.

மயிலுக்குப் போர்வை ஈந்த கொடையால் பேகன் எய்திய புகழ் பெரிது. வள்ளல் எழுவருள் அவனை வைத்தெண்ணும் சிறுபாணாற்றுப்படை அக்கொடையைப் பாராட்டும். அவன் மனையறம் பற்றி ஒன்றும் கூறாது. ஊரறிந்த பேகனை அந்நூலிற் காண்கிறோம். மனையறிந்த பேகனைக் காட்டுவன இவ்வைந்து பாடல்களே.

இவற்றை மருதத்துப் பரத்தையிற் பிரிவோடு ஒப்பவைத்து அமைதல் எளிது. ஆயின், ஈண்டு ஒரு வேறுபாடு உண்டு. மருதப் பாடல்களில் பாணன் பெரும்பாலும் தலைவனுக்கு வாயிலாகித் தலைவிபாற் செல்வான். இங்கோ, புலவர் தலைவியின் கண்ணீரைக் கண்டு தலைவன்பாற் செல்கின்றனர். அவள் அவர்களை விடுத்தாளும் அல்லள்.

அவர்கள் கையாண்ட முறையே நாம் கருதத்தக்கது. அரசனது இல்வாழ்க்கையை அவன் முன்னிலையிற் பேசுதற்குப் புலவர்க்கு உரிமை யாது? பரிசில் வேண்டும் உரிமை ஒன்றே. அவ்வுரிமையையே அவர்கள் கருவியாக்கினர். பரணர், பசி தீர்க்க வந்திலர் என்று கூறி, அன்றிரவே தேரேறிச் சென்று அவள் துயர் களைதலைப் பரிசிலாக வேண்டுகிறார். அரிசில்கிழார் அணியையும் செல்வத்தையும் மறுத்து, அவள் கூந்தல் மீண்டும் மலர் சூடுதலை வேண்டுகிறார். மயிலின் குளிருக்கு இரங்கிய நெஞ்சம் மனைவிக்கு இரங்காமையை, அக்கொடையைப் புகழ்ந்த வாயாலேயே பரணர் உணர்த்துதல் நுட்பமுடைத்து.

மற்றொன்றும் நோக்கத்தகும். கண்ணகி என்னும் பெயர் குறிப்புகளில் உள்ளதன்றிப் பாடல்களுள் யாண்டும் இல்லை. இடித்துரைக்குங்கால் அரசனை விளித்த புலவர், துயருற்றாளை ஊரார் வாயிற் படாது காத்தனர். புறத்திற்குரிய புகழையும் அகத்திற்குரிய மறைவையும் ஒருங்கு பேணிய திறம் இது.

பேகன் மனம் திரும்பினான் என்று கூறும் பாடல் எதுவும் தொகையுள் இல்லை. எனினும் தொகுத்தோர் அவன் கொடையைப் பாடிய பாடல்களை அடுத்தே இவ்வைந்தையும் வைத்தனர். மனையிற் பொய்த்த அருள் மன்றத்திற் பெறும் புகழால் நிறைவுறாது என்பதே அவ்வைப்பு முறையால் நாம் பெறும் தெளிவாகும்.