இஸ்லாமியப் பொருளியலும் நிலப் பிரச்சினையும்

இஸ்லாமிய நெறிகளை அடிப்படையாகக் கொண்டு ஒரு நாட்டின் பொருளாதாரத்தை வளர்த்தெடுத்தல் இயலுமா என்ற வினா எழும்போதெல்லாம், வட்டி விலக்கு ஒன்றே விடையாக முன்வைக்கப்படுகின்றது. வங்கியின் பெயர்ப்பலகை மாறினாற் சமுதாயமும் மாறிவிடும் என்பது போலப் பேசுவோரும் உளர். நாம் இவ்வினாவை வங்கியிலன்றி வயலில் வைத்து நோக்க விரும்புகின்றோம்.

ஈராக்கின் நஜஃப் நகரத்து அறிஞரான முகம்மது பாக்கிர் அல்-ஸத்ர் 1961 இல் வெளியிட்ட 'இக்திஸாதுனா' (நமது பொருளாதாரம்) இத்துறையில் முதன்மையான நூல். அதன் முற்பகுதியிற் பெரும்பங்கு மார்க்சியத்தை மறுப்பதற்கே செலவாகியுள்ளது. அம்மறுப்பிற் பலவற்றை நாம் ஏற்கமாட்டோம்; எனினும் அவர் மார்க்சிய நூல்களைக் கற்றே மறுத்தார். நம்மிடையே மார்க்சியத்தை ஏசுவோரிற் பலர் அத்துணைச் சிரமமும் எடுப்பதில்லை. இயற்கை வளங்களில் மனிதனுக்கு உரிமை பிறப்பது உழைப்பினாலேயே என்பது ஸத்ரின் கொள்கை. தரிசைத் திருத்தியவனுக்கே நிலம் என்னும் மரபை அவர் இதற்கு ஆதாரமாக்குகின்றார். சட்டம் வெளிப்படையாக விதியாது விட்ட பரப்பொன்று உண்டென்றும், அங்கே காலத்துக்கேற்ற விதி செய்து சமுதாயச் சமநிலையைக் காப்பது அரசின் கடமை என்றும் அவர் வாதிடுகின்றார்.

இனிப் பாக்கிஸ்தானைப் பார்ப்போம். அங்கு நீர்ப்பாசன நிலத்துக்கான உச்சவரம்பு 1972 இல் 150 ஏக்கராகவும், 1977 இல் 100 ஏக்கராகவும் குறைக்கப்பட்டது. 1989 இல், கஸல்பாஷ் வக்பு வழக்கில், உயர் நீதிமன்றத்துக்கும் மேலான உச்ச நீதிமன்றத்தின் ஷரீஅத் மேன்முறையீட்டு அமர்வு, இத்தகைய வரம்பு ஷரீஅத்துக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. நீதிபதிகளிடையே ஒருமனம் இருக்கவில்லை. ஆயினும் நிலச் சீர்திருத்தத்தின் உயிர்நிலையான விதிகள் வீழ்ந்தன. இதே நாட்டில் 1980 ஆம் ஆண்டுச் சட்டம், குறித்த அளவுக்கு மேற்பட்ட சேமிப்புக் கணக்குகளில் நூற்றுக்கு இரண்டரை வீதம் ஸக்காத்தாகக் கழித்துக்கொள்ள அரசுக்கு அதிகாரம் வழங்கியிருந்தது. விளைச்சலில் உஷர் என்னும் பங்கை அறவிடவும் அச்சட்டம் இடமளித்தது உண்மையே. ஆனால் விளைச்சலைத் தொட்ட கை நிலத்தைத் தொடவில்லை.

ஸத்ர் ஷீஆப் பிரிவினர். அவர் கருத்து பாக்கிஸ்தான் நீதிபதிகளைக் கட்டுப்படுத்தாது எனலாம். அப்படியாயின், அந்நாட்டில் பெரும்பான்மையோர் தழுவும் ஹனபி சட்டமரபையே எடுத்துக்கொள்வோம். அம்மரபின் முதல்வரான இமாம் அபூ ஹனீபா, நிலத்தை வாரத்துக்கு விடுவதையே செல்லாதென்றார். அவருடைய மாணாக்கர்களான அபூ யூசுபும் முகம்மது அல்-ஷைபானியும் அதனை அனுமதித்தனர். பிற்காலத்தில் நடைமுறையானது மாணாக்கர் கருத்தே. இரண்டும் ஒரே மரபினுள் தோன்றிய தீர்ப்புகள். எதைக் கைக்கொள்வது என்பது ஒவ்வொரு தலைமுறையும் செய்த தெரிவு. சிந்து மாகாணத்து ஹாரிகள் இன்றும் நிலக்கிழாரின் வயலை வாரத்துக்கே உழுகின்றனர்.