வலியறிதலும் வெள்ளையறிக்கையும்: மலேசியத் தற்காப்புக் கொள்கை குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

2019ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் மலேசிய நாடாளுமன்றத்தின் மக்களவையில் தற்காப்பு வெள்ளையறிக்கை தாக்கல் செய்யப்பட்டது. நாடு விடுதலை பெற்று அறுபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர் வெளிவந்த முதல் தற்காப்பு வெள்ளையறிக்கை இதுவாகும். 2021 முதல் 2030 வரையிலான பத்தாண்டுகளுக்குரிய திசையை அது வகுத்தது. அப்பத்தாண்டின் முற்பாதி கழிந்துள்ள இவ்வேளையில், அவ்வறிக்கையின் நிறைகுறைகளை மதிப்பிடுவது பொருத்தமுடையதாகும்.

இம்மதிப்பீட்டுக்குத் திருக்குறளின் வலியறிதல் அதிகாரத்தை நாம் அளவுகோலாகக் கொள்கிறோம். பழம்பெருமை பேசுவது நம் நோக்கமன்று. செய்யவிருக்கும் செயல், செய்பவர், எதிர்ப்பவர், துணைநிற்பவர் ஆகிய நான்கன் வலிமையையும் சீர்தூக்க வேண்டும் என அவ்வதிகாரத்தின் முதற்குறள் வகுக்கும் முறை, பேரரசாகவும் சிற்றரசாகவும் இல்லாத ஒரு நடுத்தர வல்லமை நாட்டிற்கு இன்றும் பொருந்துகிறது என்பதே நம் கருத்து.

செயலின் வலிமை

மலேசியா, தென்சீனக் கடலால் பிரிக்கப்பட்ட இரு நிலப்பகுதிகளைக் கொண்ட நாடு. எனவே வெள்ளையறிக்கை அதனைக் கண்ட வேர்களையுடைய கடல்சார் நாடு எனச் சுட்டுவது சரியே. காக்கவேண்டிய பரப்பை மையம், விரிபரப்பு, முன்பரப்பு என மூன்று வட்டங்களாக அது பகுத்துள்ளது. நிலமும் அதனை ஒட்டிய கடலும் வானும் மையத்தில் அடங்கும். பொருளாதார மண்டலம் விரிபரப்பில் அடங்கும்.

இப்பகுப்பின் தேவையை இரு நிகழ்வுகள் உணர்த்துகின்றன. 2013 பிப்ரவரியில் தென் பிலிப்பீன்ஸிலிருந்து ஆயுதமேந்திய குழுவினர் படகுகளில் வந்து சபாவின் லஹாட் டத்துப் பகுதியில் ஊடுருவினர். 2021 மே 31ஆம் நாள் 16 சீனப் படை விமானங்கள் சரவாக் கடற்பகுதியை அணுகியபோது, மலேசிய வான்படை லாபுவானிலிருந்து ஹாக் விமானங்களை அனுப்பியது. முன்னது படகில் வந்த அச்சுறுத்தல். பின்னது வல்லரசின் படைவலிமைக் காட்சி. ஒரே நாடு இவ்விரண்டையும் ஒருசேர எதிர்கொள்ள வேண்டியுள்ளது. இச்செயலின் பளுவை அறிக்கை குறைத்து மதிப்பிடவில்லை.

மாற்றார் வலிமையும் துணைவர் வலிமையும்

தென்சீனக் கடல் குறித்து அறிக்கை அளந்த சொற்களிலேயே பேசுகிறது. இதனை அச்சம் எனச் சிலர் கருதலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. 2009 முதல் சீனாவே மலேசியாவின் முதன்மை வணிகப் பங்காளி. அதே வேளையில், அறிக்கை தாக்கலான பத்தாம் நாள், அதாவது 2019 டிசம்பர் 12இல், மலேசியா தன் கண்டத்திட்டு உரிமை குறித்த ஆவணத்தை ஐக்கிய நாடுகள் ஆணையத்திடம் அளித்தது. சீனா அதனை எதிர்த்தது. சொல்லில் அடக்கமும் உரிமையில் உறுதியும் ஒருங்கே அமைவது நடுத்தர நாட்டிற்கு ஏற்ற நெறியேயாகும்.

துணைவலிமையில்தான் நமக்கு ஐயம் எழுகிறது. 1971இல் மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவை இணைந்து உருவாக்கிய ஐந்து நாடுகள் தற்காப்பு ஏற்பாடு, தாக்குதல் நேர்ந்தால் உடனே கலந்தாலோசிக்கக் கடப்பாடு விதிக்கிறதேயன்றிப் படை அனுப்பக் கடப்பாடு விதிக்கவில்லை. ஆசியானும் இராணுவக் கூட்டணியன்று. தென்சீனக் கடல் நடத்தை குறித்த அறிவிப்பு 2002இல் கையொப்பமான பின்னரும், கட்டுப்படுத்தும் நெறிமுறைக்கான பேச்சுகள் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நீண்டன. ஆகவே துணைவர் தருவது கால அவகாசமும் அரசதந்திர ஆதரவுமே. அந்த அவகாசத்தைப் பயன்படுத்துவதற்குரிய வலிமை நம்மிடமே இருத்தல் வேண்டும்.

தன்வலிமை

அறிக்கையின் பெருங்குறை இங்கேயே உள்ளது. எத்தகைய படை வேண்டும் என விளக்கும் அறிக்கை, அதற்கு ஆண்டுதோறும் எவ்வளவு நிதி என்பதை உறுதியான எண்ணாகத் தரவில்லை. மலேசியாவின் தற்காப்புச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ ஒரு விழுக்காட்டை ஒட்டியே இருந்துவந்துள்ளது. அறிக்கை தாக்கலான மூன்று மாதங்களுக்குள்ளாகவே, 2020 பிப்ரவரி இறுதியில், அதனைக் கொணர்ந்த அரசாங்கம் வீழ்ந்தது, பெருந்தொற்றும் தொடர்ந்தது.

நிதி மட்டுமே சிக்கல் எனவும் கூறுவதற்கில்லை. ஆறு கடலோரப் போர்க்கப்பல்களைக் கட்டும் திட்டத்தில் ஏறக்குறைய 6 பில்லியன் ரிங்கிட் செலுத்தப்பட்டும் ஒரு கப்பல்கூட ஒப்படைக்கப்படவில்லை என்பதை, நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு 2022 ஆகஸ்டில் வெளிப்படுத்தியது. 2023இல் கப்பல்களின் எண்ணிக்கை ஐந்தாகக் குறைந்தது. 9 பில்லியனாக இருந்த செலவு 11 பில்லியன் ரிங்கிட்டைக் கடந்தது. முதற்கப்பல் 2024 மே மாதத்தில்தான் லுமுட்டில் நீரில் இறக்கப்பட்டது.

வலியறிதல் அதிகாரத்தின் இறுதி நான்கு குறள்கள் போரைப் பேசாமல் பொருளின் அளவைப் பேசுவது இங்கு எண்ணத்தக்கது. வரவு சிறிதாயினும் செலவு அதனை மீறாவிடில் கேடில்லை என்பது வள்ளுவர் கருத்து. தன்வலிமை என்பது படைக்கலம் மட்டுமன்று, பொருளை அளவறிந்து ஆளும் ஒழுங்கும் அதனுள் அடங்கும் என்பதை இவ்வைப்புமுறை காட்டுவதாக நாம் கொள்ளலாம். வலியறிதலைப் போர்க்கள அறிவாக மட்டும் வகுப்பறையில் கற்பிப்பது அதன் பாதியை விட்டுவிடுவதாகும்.

மக்களின் பங்கு

அறிக்கையின் தூண்களுள் ஒன்று முழுமையான தற்காப்பு. குடிமக்கள் யாவரும் நாட்டைக் காப்பதில் பங்குடையர் என்பது அதன் சாரம். இக்கோட்பாட்டை நாம் வரவேற்கிறோம். ஆயினும் ஆயுதப்படைகளில் மலாய்க்காரர் அல்லாதாரின் பங்கு குறைந்திருப்பது நாடாளுமன்றத்தில் பலமுறை எழுப்பப்பட்ட செய்தி. தற்காப்பு தமக்கு அப்பாற்பட்ட துறை என்னும் எண்ணம் நம் மாணவர்களிடையே வேரூன்றுமாயின், யாவர்க்கும் உரியதாக அறிவிக்கப்பட்ட கொள்கை ஏட்டளவில் நின்றுவிடும். இதற்குரிய பொறுப்பு அரசுக்கு மட்டுமன்று. கற்பிக்கும் நமக்கும் உண்டு.

முடிவுரை

செயலின் வலிமையையும் மாற்றார் வலிமையையும் வெள்ளையறிக்கை நன்கு அறிந்துள்ளது. துணைவலிமையைச் சற்று மிகுத்தும், தன்வலிமையை விருப்பமாகவும் அது எழுதியுள்ளது என்பதே நம் மதிப்பீடு. அரசாங்கங்கள் மாறினும் மாறாத நிதி உறுதிப்பாடும், கொள்முதலின் நிலையை ஆண்டுதோறும் நாடாளுமன்றத்திற்கு உரைக்கும் கடப்பாடும் அமைந்தாலன்றி அடுத்த வெள்ளையறிக்கையும் இக்குறையையே சுமக்கும். ஊக்கத்தால் தொடங்கி இடையில் முரிந்தவர் பலர் என்னும் வள்ளுவரின் எச்சரிக்கை, நாடுகளுக்கும் உரியதே.