ஜாதி நாயும் ஒரு செத்துப்போன தியரியும்

போன மாசம் நண்பர் ஒருத்தர், தன்னோட லேப்ரடார் பெட்டையை என்ன செய்றதுன்னு கேட்டார். கேட் திறந்திருந்த நேரத்துல தெருநாய் ஒண்ணு வந்து சேர்ந்துடுச்சாம். அவருக்குத் தெரிஞ்ச பிரீடர், "இனிமே இது வேஸ்ட் சார். அடுத்த தடவை நல்ல ஜாதி நாயைச் சேர்த்தாலும் குட்டியில அந்தத் தெருநாய் ரத்தம் வரும். யாருக்காவது கொடுத்துடுங்க"ன்னு சொல்லியிருக்கார். இதே கதையை வேறு சிலரும் சொல்லிக் கேட்டிருக்கேன். இது தப்பு. எப்படித் தப்புன்னு பார்ப்போம்.

முன்பு சேர்ந்த ஆணின் குணம், பிறகு வேறொரு ஆணுக்குப் பிறக்கும் குட்டிகளிலும் வரும் என்ற இந்த நம்பிக்கைக்கு டெலிகனி என்று பெயர். படிக்காதவங்க நம்பிக்கைன்னு ஒதுக்கிட முடியாது. 1820ல் மோர்ட்டன் பிரபு லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். அவருடைய பெண் குதிரை முதலில் குவாகாவோடு (அழிந்துபோன வரிக்குதிரை வகை) சேர்ந்து ஒரு குட்டி போட்டது. பிறகு அரபுக் குதிரைக்குப் பிறந்த குட்டிகளிலும் கோடுகள் இருந்தனவாம். டார்வினே இதை ஏற்றுக்கொண்டார். காசர் யூவர்ட் என்ற ஸ்காட்லாந்து விலங்கியலாளர்தான் இதைச் சோதித்துப் பார்த்தார். பெண் குதிரைகளை வரிக்குதிரையோடு சேர்த்து, பிறகு குதிரையோடு சேர்த்தார். டெலிகனிக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. வரிக்குதிரையைப் பார்த்தே இராத குதிரைகளின் குட்டிகளிலும் மங்கலான கோடுகள் வரும். 1899ல் முடிவுகளைப் புத்தகமாகவே போட்டுவிட்டார்.

அப்போ பிரீடர்கள் "கண்ணால பார்த்தேன்"னு சொல்றது பொய்யா? இல்லை. பார்த்தது நிஜம், காரணம்தான் வேறு.

பெட்டை நாய்க்கு ரத்தக்கசிவு தெரியும் கட்டம் சுமார் 9 நாள். ஆணை ஏற்கும் கட்டம் இன்னொரு 9 நாள். வெளிவந்த முட்டை உடனே கருவாகாது. முதிர 2, 3 நாள் ஆகும். விந்தணுவோ உள்ளே ஒரு வாரம்கூட உயிரோடு இருக்கும். ஆக, திங்கட்கிழமை சேர்ந்த தெருநாய்க்கும் வியாழக்கிழமை சேர்ந்த ஜாதி நாய்க்கும் ஒரே ஈத்துல குட்டி பிறக்கலாம். ஒரு குட்டிக்கு ஒரு அப்பாதான். ஆனா ஒரு ஈத்துக்கு ஒரே அப்பாதான்னு கட்டாயம் இல்லை.

இன்னொண்ணு, மறைந்திருக்கும் ஜீன். ரெண்டு கறுப்பு லேப்ரடாருக்கு மஞ்சள் குட்டி பிறக்கலாம். பழி, போன வருஷம் வந்த தெருநாய் மேல!

நேர்மையா ஒண்ணு சொல்லணும். 2014ல் ஒரு ஈ வகையில், முதலில் சேர்ந்த ஆணின் உடல் அளவு, பிறகு வேறு ஆணுக்குப் பிறந்த குஞ்சுகளின் அளவைப் பாதித்ததாக ஓர் ஆய்வு வந்தது. முதிராத முட்டைகளை விந்துத் திரவம் பாதிப்பதாக விளக்கம் சொன்னார்கள். ஜீன் கலப்பதாக அவங்களும் சொல்லலை. அதை வெச்சு நாயை ஒதுக்க முடியாது.

"ரத்தம் சுத்தமா இருக்கணும்" என்பதற்கும் விலை உண்டு. டால்மேஷியன் இனம் முழுக்க ஒரு ஜீன் பழுது பரவி, சிறுநீரில் யூரிக் அமிலம் அதிகமாகி, பல நாய்களுக்குக் கல் அடைக்கும். நல்ல ஜீன் இனத்துக்குள்ளேயே இல்லாததால், 1973ல் ராபர்ட் ஷைபிள் என்ற மரபியலாளர் ஒரே ஒரு பாயின்டர் நாயைக் கலந்து, பிறகு தலைமுறை தலைமுறையாக டால்மேஷியனோடேயே சேர்த்தார். நோய் போச்சு, புள்ளிகள் இருந்தன. 1981ல் அமெரிக்கன் கென்னல் கிளப் அந்த வழியில் வந்த இரண்டு நாய்களைப் பதிவு செய்தது. டால்மேஷியன் வளர்ப்போர் எதிர்த்ததால் பதிவு நின்றுபோனது. மறுபடி கதவு திறந்தது 2011ல். முப்பது வருஷம்! எத்தனை நாய் வலியில துடிச்சிருக்கும்?

தமிழ்ல நாம "ஜாதி நாய்"னு சர்வசாதாரணமா சொல்றோம். அந்தச் சொல்லோடு தீட்டும் சேர்ந்தே வந்துடுது. பெட்டை "கெட்டுப்போச்சு", ஆனா எத்தனை தெருநாயோட சேர்ந்தாலும் கடுவன் கெடாது. இது உயிரியல் இல்லைங்க, நம்ம வீட்டுப் பஞ்சாயத்து.

நண்பருக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: டாக்டர்கிட்ட காட்டுங்க, சினையான்னு பாருங்க, கேட்டைப் பூட்டுங்க. நாயை யாருக்கும் கொடுக்காதீங்க.